சைரன் அடங்கிய பிறகு

2008-ல் மூளைச்சாவு அடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் இதயம் சென்னை நெரிசலைக் கிழித்துக்கொண்டு தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குப் போனது. அந்த ஓட்டத்தை வைத்து மலையாளத்தில் 'டிராஃபிக்' படம் வந்தது. 2013-ல் தமிழில் 'சென்னையில் ஒரு நாள்'. இன்று வேலூரிலிருந்து சென்னைக்கு உறுப்புப் பெட்டி கிளம்பினாலும் காட்சி அதேதான். போலீஸ் வழிவிடும், சைரன் அலறும், சுமார் 140 கிலோமீட்டர் நெடுஞ்சாலை ஒதுங்கி நிற்கும். பெட்டி மருத்துவமனைக்குள் நுழைந்ததும் கேமராக்கள் கலைந்துவிடும்.

நுரையீரல் விஷயத்தில் பெரிய கண்டமே அதற்கப்புறம்தான்.

எடுத்த நுரையீரலைக் குளிர்ந்த திரவத்தால் கழுவி, கொஞ்சம் காற்றடைத்தபடி பனிக்கட்டிப் பெட்டியில் வைக்கிறார்கள். புது உடலில் பொருத்தி ரத்தத்தைத் திறந்துவிட்டதும் வெளிறிக் கிடந்தது இளஞ்சிவப்பாகிறது. ஆனால் மணிக்கணக்கில் பட்டினி கிடந்த திசுவுக்குள் திடீரென வந்து பாயும் ஆக்சிஜனே சில நேரம் வினையாகிவிடுகிறது. நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசிகின்றன. காற்றறைகளில் நீர் கோத்துக்கொள்கிறது. கறுப்பாகத் தெரியவேண்டிய எக்ஸ்ரே சுண்ணாம்பு அடித்த சுவர்போல் வெளுக்கிறது. கிருமித் தொற்றும் காரணமல்ல, உடல் உறுப்பை ஏற்க மறுப்பதும் காரணமல்ல. முதல் 72 மணி நேரத்தில் உறுப்பே படுகிற அடி இது.

அமெரிக்காவின் பத்து மையங்களில் 1,255 நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2013-ல் வெளியானது. 16.8 சதவீதம் பேருக்கு இந்தப் பாதிப்பு கடுமையாக இருந்தது. அவர்களில் 23 சதவீதம் பேர் 90 நாட்களுக்குள் இறந்தார்கள். மற்றவர்களில் 5 சதவீதம். கொடையாளர் புகைபிடித்தவராக இருந்தால் ஆபத்து கூடுவதாகவும் அது காட்டியது.

இன்னொரு சங்கடம் மூச்சுக்குழாய் இணைப்பு. அந்தக் குழாய்க்கு ரத்தம் தரும் சிறு தமனிகளைப் பொதுவாக மறுபடி ஒட்டுவதில்லை. அதனால் தையல் போட்ட இடம் மெதுவாக ஆறும், பிரியலாம், சுருங்கலாம். 1963-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹார்டி முதல் நுரையீரலைப் பொருத்தினார்; நோயாளி 18 நாட்கள் வாழ்ந்தார். பின்வந்தவர்கள் பலரையும் அந்தத் தையலே காவு வாங்கியது. 1983-ல் டொரன்டோவில் ஜோயல் கூப்பர் வெற்றி காணும்வரை இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன.

நம் ஊரில் திறமைக்குப் பஞ்சமில்லை. கோவிட் பாதித்த நோயாளிக்கு இரு நுரையீரல்களையும் மாற்றும் சிகிச்சை 2020 ஆகஸ்டில் சென்னை எம்ஜிஎம் ஹெல்த்கேரில் நடந்தது. ஆசியாவில் அதுவே முதல் என்றார்கள். குறை அறுவை அரங்குக்கு இருபுறமும் இருக்கிறது.

முன்புறம், கொடையாளர் கிடக்கும் மாவட்ட மருத்துவமனை. மூளைச்சாவுக்குப் பின் வென்டிலேட்டர் அழுத்தம் மிஞ்சினாலும், குளுக்கோஸ் பாட்டில் அளவுக்கு மீறி ஏறினாலும் நுரையீரல் அங்கேயே கெட்டுவிடும். உலகெங்கும் கொடையாளர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரின் நுரையீரல்தான் தேறுகிறது. இதற்கான பயிற்சி தாலுகா தலைநகரம்வரை போகவேண்டும்.

பின்புறம், வீடு. சிகிச்சை முடிந்தவர் வேலூர் பக்கத்துக் கணியம்பாடிக்குத் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். தினமும் காலையில் கையடக்கக் கருவியில் ஊதி, அது காட்டும் எண்ணை நோட்டில் எழுதவேண்டும். அந்த எண் பத்து சதவீதம் இறங்கினாலே மருத்துவரைக் கூப்பிடவேண்டும். தோல் ஷாப்பு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர் என்றால் பழைய தூசிக்கும் நெடிக்கும் திரும்பக் கூடாது. மாத்திரை ஒருவேளைகூடத் தவறக் கூடாது. இதையெல்லாம் அந்த வீட்டில் யார் உட்கார்ந்து சொல்வது?

விடை அந்த ஊரிலேயே இருக்கிறது. வேலூர் சிஎம்சியின் சமுதாய நலப் பிரிவு பாகாயத்திலிருந்து பல பத்தாண்டுகளாகக் கணியம்பாடி ஒன்றியத்தில் வேலை செய்கிறது. பிறப்பு, இறப்பு, கர்ப்பம் என்று வீடு வீடாகக் கணக்கெடுத்துப் பழகியவர்கள் அதன் ஊழியர்கள். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வயிற்றுவழி டயாலிசிஸ் பைகளே வீட்டுக்கு வருகின்றன. அவற்றைக் கொண்டுவரும் ஊழியரின் பையில் ஊதும் கருவிக்கும் இடம் இருக்கும்.

கூடவே, தமிழகத்தில் உறுப்புப் பகிர்வை நடத்தும் டிரான்ஸ்டான் ஆண்டுதோறும் இன்னும் இரண்டு எண்களை மருத்துவமனை வாரியாக வெளியிடட்டும்: மூன்றாம் நாள் எத்தனை பேர் தாமாக மூச்சு விட்டார்கள், ஓராண்டு கழித்து எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள். உறுப்பைக் கொடுத்த குடும்பத்துக்கும் அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.