அரை நாள் வேலை, முழு மாதப் பசி

"வாத்தியாருக்கென்ன, மழையானாலும் வெயிலானாலும் மாதம் பிறந்தால் சம்பளம்!" மில் கேட்டிலும் களத்துமேட்டிலும் இப்படிப் பேசும் தோழர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு சம்பளக் கணக்கைச் சொல்ல விரும்புகிறோம்.

2012 இல் தமிழ்நாட்டு சர்க்கார் ஓவியம், தையல், உடற்கல்வி, கணினி முதலிய பாடங்களுக்கு 16,500க்கு மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை அரசுப் பள்ளிகளில் அமர்த்தியது. வாரத்தில் மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். 2014 இல் 7,000 ஆயிற்று. 2017 இல் பெரிய மனது பண்ணி 700 ரூபாய் போட்டார்கள்! 2021 இல் 10,000. அந்த ஆண்டுத் தேர்தலில் தி.மு.க. பணி நிரந்தரம் என்று வாக்குறுதி தந்தது. 2023 இல் அவர்கள் சென்னையில் வந்து உட்கார்ந்து போராடினார்கள். கிடைத்தது நிரந்தரம் அல்ல. 12,500 என்ற அறிவிப்பு.

பள்ளி மூடியிருக்கும் மே மாதத்துக்கு ஒரு காசும் கிடையாது என்ற நிபந்தனையில்தான் இவர்களை வைத்தார்கள். அறுப்பு முடிந்ததும் கூலிக்காரனை மறந்துவிடும் மிராசுதாருக்கும் இந்த சர்க்காருக்கும் என்ன வித்தியாசம்?

நமக்குத் தெரிந்த தையல் ஆசிரியை ஒருவர், கணவனை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். 10,000 வாங்கிய காலத்தில் வாடகை 3,500, கேஸ் ஏறக்குறைய 1,000, மகளிர் குழுக் கடன் தவணை 2,400. மிச்சம் 3,100. ரேஷன் அரிசி இலவசந்தான். பருப்பும் எண்ணெயும் மருந்தும் யார் தருவார்? தவணைக்கு மே மாதம் விடுமுறை இல்லை. கம்மலை அடகு வைத்துக் கட்டினார். மீட்க டிசம்பர் ஆயிற்று.

"மாதம் 12 அரை நாளுக்கு 12,500 என்றால் அரை நாளுக்கு ஆயிரத்துக்கு மேல் விழுகிறதே!" என்று கணக்குப் போடும் கனவான்கள் இருக்கிறார்கள். கேட்கும் விவசாயத் தொழிலாளியும் ஒரு கணம் மயங்கலாம். மயங்க வேண்டாம்! வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்குப் போயாக வேண்டியவருக்கு எந்த முதலாளி வேறு வேலை கொடுப்பான்? அரை நாளை வாங்குகிறவன் முழு வாரத்தையும் கட்டிப் போடுகிறான். பதிலித் தொழிலாளிக்கு இதை விளக்கவே வேண்டாம். கேட்டில் காத்துக் கிடந்த நாளுக்குக் கூலி உண்டா? உலை மட்டும் முப்பது நாளும் வைக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஆசிரியர், அரசு ஊழியர் சுமார் 1,70,000 பேரை அன்றைய அ.தி.மு.க. சர்க்கார் டிஸ்மிஸ் செய்தது. தோழர் டி.கே.ரங்கராஜன் தொடுத்த வழக்கில், ஆகஸ்ட் 6 அன்று, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமையே இல்லை என்றது உச்ச நீதிமன்றம். அதை மில் முதலாளிகள் படிக்காமலா இருந்திருப்பார்கள்?

அடுத்த முறை இந்த ஆசிரியர்கள் சென்னைக்குப் புறப்படும்போது, சங்கக் கொடியோடு ரயிலடிக்குப் போவோம். அவர்கள் வழிச்செலவுக்கு உண்டியலும் குலுக்குவோம்.