மனமொத்துப் பிரிந்தாலும் வங்கிக் கடன் பிரியாது: கையெழுத்துக்கு முன் கணக்குப் பாருங்கள்!

ராஜபாளையத்தை அடுத்த தேவதானத்தில் ஒரு தம்பதி பிரிய முடிவெடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் நூற்பாலையில் சூப்பர்வைசர், மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. அடிதடி இல்லை, போலீஸ் இல்லை. இரு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, ‘வீடு அவனுக்கு, நகை அவளுக்கு’ என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். வக்கீல் செலவு மிச்சம். எல்லாம் முடிஞ்சது!

முடியவில்லை. இரண்டு வருடம் கழித்து அந்த ஆசிரியைக்கு வங்கியிலிருந்து போன் வருகிறது: ‘மேடம், வீட்டுக் கடன் மூன்று தவணை பாக்கி’.

இது கற்பனைக் கதைதான். ஆனால், இதில் இருக்கும் மூன்று தவறுகளும் நிஜத்தில் நடப்பவை.

தவறு 1: முத்திரைத்தாள் விவாகரத்து

ஊர்ப் பெரியவர்கள் முன் எழுதிய தாள் விவாகரத்து ஆகாது. அந்தச் சமூகத்தில் அப்படியொரு வழக்கம் உண்டு என்று நிரூபித்தால் மட்டுமே விதிவிலக்கு. இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவின்படி, ஓராண்டு பிரிந்து வாழ்ந்தவர்கள் சேர்ந்து மனு போடலாம். விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் இருப்பது திருவில்லிபுத்தூரில். தேவதானத்துக்காரர்களுக்கு அது பஸ் தூரம்தான்.

ஆறு மாதக் காத்திருப்பைத் தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு முக்கிய நிபந்தனை, ஜீவனாம்சம், குழந்தை உள்ளிட்ட எல்லா விஷயங்களும் உண்மையாகவே பேசித் தீர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்பது. அதாவது, கணக்கை முழுசாக முடித்தவர்களுக்கே காலமும் மிச்சம், காசும் மிச்சம்.

தவறு 2: நகையைப் ‘பங்கு’ ஆக்குவது

பெண்ணுக்குப் பெற்றோர் போட்ட நகை, திருமணத்தில் அவருக்கு வந்த பரிசு எல்லாம் சீதனம். அது அவருக்கு மட்டுமே சொந்தம் என்று உச்ச நீதிமன்றம் 1985-லும் சொன்னது, 2024-லும் சொன்னது. அப்படியானால் ‘நகை அவளுக்கு’ என்பது என்ன பெருந்தன்மை? அவருடையதை அவருக்கே கொடுப்பது பங்கு ஆகாது. அந்த நகையை அடகு வைத்து வீடு கட்டியிருந்தால், வீடுதான் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது.

வேலைக்குப் போகாத மனைவிக்கு எதுவும் இல்லையா? பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே சொத்து என்பதுதான் இங்கே பொது நிலை. கோவாவில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், திருமணத்தோடு சொத்து இருவருக்கும் பொதுவாகிவிடும். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைக் கவனித்த மனைவியின் உழைப்புக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். அது விவாகரத்து வழக்கு அல்ல. நாடு முழுவதற்குமான சட்டமும் அல்ல. ஆனால், பேச்சுவார்த்தையில் உட்காரும் பெரியவர்கள் மனதில் வைக்க வேண்டிய நியாயம் அது.

தவறு 3: கடனை மறப்பது

கூட்டுக் கடனில் இருவரில் யாரிடம் வேண்டுமானாலும் வங்கி முழுத் தொகையையும் கேட்கலாம். ‘இனி அவர் கட்டுவார்’ என்று நீங்கள் எழுதிக்கொண்டது வங்கியைக் கட்டுப்படுத்தாது. நீதிமன்ற உத்தரவில் அப்படி இருந்தாலும், தவணை நின்றால் சிபில் ஸ்கோர் இருவருக்கும்தான் இறங்கும். வழி மூன்றுதான்: வங்கி சம்மதத்தோடு ஒருவர் பெயரை நீக்குவது, ஒருவர் தன் பெயரில் புதுக் கடன் வாங்கிப் பழையதை அடைப்பது, வீட்டை விற்றுக் கடனை முடிப்பது. நகைக் கடன், குழுக் கடன், ஜாமீன் கையெழுத்து, கைமாத்து எல்லாமே பட்டியலில் வர வேண்டும்.

பத்திரத்தை எப்போது எழுதுவது?

கணவன் மனைவிக்கோ மனைவி கணவனுக்கோ செட்டில்மென்ட் எழுதினால் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. கிரையம் என்றால் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் தனி. விவாகரத்து ஆனபின் இருவரும் ‘குடும்பம்’ அல்ல, சலுகை கைநழுவலாம். அதேசமயம், இறுதி உத்தரவு வரும்வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம். அதனால் ரொம்ப முன்கூட்டியும் எழுதக் கூடாது. இறுதி விசாரணைக்குச் சற்று முன்பு, சார்பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்துவிட்டுச் செய்வது புத்திசாலித்தனம்.

வக்கீலுக்குக் காசு இல்லையா?

1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. உதவி எண் 15100.

சுமுகமாகப் பிரிவது நல்ல விஷயம். ஆனால், ‘சுமுகம்’ என்ற பெயரில் கணக்கே கேட்காமல் கையெழுத்துப் போடச் சொன்னால், அந்தச் சுமுகத்துக்கான விலையை ஒருவர் மட்டும் மாதாமாதம் தவணையாகக் கட்டிக்கொண்டிருப்பார். பெரும்பாலும் அது பெண்ணாகவே இருக்கும். பெரியவர்கள் கூடும் அந்தத் திண்ணையில் முதலில் விரிக்க வேண்டியது கடன் பட்டியலைத்தான். சொத்துப் பட்டியல் அப்புறம்.