வில் வாங்கப் போறீங்களா பாஸ்?

'பாகுபலி-2'ல (2017) மூணு அம்பை ஒண்ணா விட்டதைப் பார்த்துட்டுக் கிளம்பிட்டீங்களா? வேட்டைக்குன்னா மூச்! 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உள்ளே தள்ளிடும். டார்கெட்ல அடிக்கன்னா, முதல்ல கெத்தை மூட்டை கட்டுங்க. 40 பவுண்டு வில்லை இழுத்துப் பிடிச்சா, புதுசா வர்ற ஜிம் பாடிக்கே கை நடுங்கும். குறி தப்புறது இருக்கட்டும், தோள்பட்டை என்ன ஆகுறது? 20 பவுண்டு பக்கம் ஆரம்பிங்க. கழற்றி மாட்டுற ரிகர்வ் வில்லா பாருங்க. பழகினதும் மேல், கீழ் லிம்ப்களை மட்டும் மாத்திக்கலாம், கைப்பிடி அதேதான். பர்ஸும் தப்பிக்கும்!

வலக்கை வில்லா, இடக்கை வில்லா? கண்ணையும் கேளுங்க. தூரத்துப் பொருளை விரலால குறி வெச்சு, இடது கண்ணை மூடுங்க. விரல் நகரலைன்னா நீங்க வலது கண் பார்ட்டி.

ஹாஸ்டல் ரூம்ல அம்பே இல்லாம நாணை இழுத்து விட்டு சீன் மட்டும் போடாதீங்க. லிம்ப் உடைஞ்சு மூஞ்சிக்கே வரும்!