அண்டாவில் மிஞ்சும் சோற்றுக்கு ஒரு சுற்றறிக்கை

தமிழ்நாடு உணவு பாதுகாப்பு ஆணையர் அவர்களுக்கு,



கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து சாப்பாடு மிஞ்சினால் யாருக்குப் போன் செய்வது என்று கோவையில் பலருக்கும் தெரியும். 2014-இல் அங்கே தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ அமைப்பு அந்தப் பழக்கத்தை உண்டாக்கியது. ஆனால் மதிய உணவு போடும் தனியார் பள்ளியிலோ, நூற்றுக்கணக்கில் பிள்ளைகள் தங்கும் விடுதியிலோ சோறு மிஞ்சினால், பெரும்பாலும் பின்வாசல் பிளாஸ்டிக் டிரம்முக்குத்தான் போகிறது. அங்கிருந்து பன்றிப் பண்ணைக்கு. இல்லாவிட்டால் குப்பை வண்டிக்கு.

அரசுப் பள்ளிச் சத்துணவில் இந்தச் சிக்கல் குறைவு. வருகைக் கணக்கைப் பார்த்துத்தான் அமைப்பாளர் அரிசியை அளந்து கொடுப்பார். கட்டணம் வாங்கிச் சமைக்கும் இடங்களில் கணக்கே வேறு. ‘பத்தவில்லை’ என்ற பேச்சு பெற்றோர் காதுக்குப் போய்விடக் கூடாதென்று உலையில் கொஞ்சம் கூடவே விழும். சனிக்கிழமையென்றால் விடுதிப் பிள்ளைகளில் பலர் ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள். காலையில் ஆட்சியர் மழை விடுமுறை அறிவிக்கும் நேரத்தில் அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும். அப்படி மிஞ்சுவது தட்டில் விழுந்த எச்சில் அல்ல. கரண்டிகூடப் படாத சோறு.

சட்டம் இல்லாமல் இல்லை. உபரி உணவைச் சேகரித்துப் பகிர்வதற்கென்றே இந்திய உணவு பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2019-இல் விதிமுறைகளை வெளியிட்டது. உணவை வாங்கிப் பகிரும் அமைப்பு பதிவோ உரிமமோ பெற்றிருக்க வேண்டும் என்பது அதில் முக்கியமானது. ஆனால் இந்த விதிமுறை விடுதிச் சமையலறை வரை எட்டவில்லை. அங்கே எட்டியிருப்பது பயம்தான்: சாப்பிட்ட ஒருவருக்கு வாந்தி வந்தால், மறுநாள் பேப்பரில் பள்ளியின் பெயர் வந்துவிடுமே!

அந்தப் பயத்தை அலட்சியம் செய்வதற்கில்லை. வெந்த சோறு ஆறிக் கிடந்தால் ‘பேசில்லஸ் சீரியஸ்’ என்ற நுண்ணுயிர் பெருகி நஞ்சைச் சுரக்கும். திரும்பச் சூடாக்கினாலும் வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு அழியாது. சமைத்த உணவை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது, பரிமாறும்வரை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக வைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே பள்ளிக்குத் தேவை ஒரு தெர்மாமீட்டர், மூடியுள்ள ஹாட் பாக்ஸ், நேரத்தை எழுதி ஒட்ட ஒரு சீட்டு. தேங்காய்ச் சட்னி போல் சட்டென்று ஊசிப்போகிறவற்றைக் கொடுக்காமலே விட்டுவிடலாம்.

இதே பயத்தை அமெரிக்கா சட்டத்தால் எதிர்கொண்டது. நல்லெண்ணத்தோடு உணவு கொடுப்பவரை வழக்கிலிருந்து காக்கும் சட்டம் அங்கே 1996-இல் வந்தது. கவனக்குறைவு மிக மோசமாக இருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. 2023 ஜனவரியில் அதை விரிவாக்கி, பள்ளி உணவகங்கள் இடையில் அமைப்பு ஏதுமின்றித் தேவைப்படுவோருக்கு நேரடியாகக் கொடுத்தாலும் பாதுகாப்பு உண்டு என்றார்கள். இண்டியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் நகரில் 2019-இல் ‘கல்ட்டிவேட்’ என்ற அமைப்பு, பள்ளிகளில் பரிமாறாமல் மிஞ்சியதை உறையவைத்த சாப்பாட்டுப் பொட்டலங்களாக்கியது. ஒரு தொடக்கப்பள்ளியின் 20 மாணவர்கள் வெள்ளிக்கிழமைதோறும் ஆளுக்கு 8 பொட்டலங்களை வீட்டுக்குக் கொண்டு போனார்கள்.

தமிழ்நாட்டில் மிஞ்சிய உணவை வாங்கிக்கொள்ள இடம் தேட வேண்டியதில்லை. சென்னை மாநகராட்சிக்கே வீடற்றோர் காப்பகங்கள் இருக்கின்றன. சமையலறைக்கும் காப்பகத்துக்கும் நடுவே பேசிவைத்த ஏற்பாடுதான் தேவை.

ஆகவே தங்களிடம் கேட்பது ஒரு சுற்றறிக்கை. உணவு வழங்கும் தனியார் பள்ளிகள், விடுதிகள் எல்லாவற்றுக்கும் அது போக வேண்டும். எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது, எத்தனை மணிக்குள் என்பவை தமிழில் ஒரே பக்கத்தில், சமையல்காரர் சுவரில் ஒட்டிப் படிக்கும்படி இருக்கட்டும். பதிவு பெற்ற அமைப்புகளின் தொலைபேசி எண்கள் மாவட்டவாரியாக இணைக்கப்படட்டும். விதிப்படி கொடுத்த பள்ளிக்குத் துறை துணை நிற்கும் என்ற உறுதி தங்கள் கையெழுத்தோடு இருக்கட்டும். வாங்கிச் சாப்பிடுகிறவர் முகத்தைப் படமெடுத்துப் போடக் கூடாது என்றும் ஒரு வரி சேருங்கள்.

ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன் இது வந்தால், மெஸ் ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படும்போதே இதையும் ஒரு நிபந்தனையாகச் சேர்த்துவிட முடியும்.