இழுத்துச் சென்ற இரும்பு மலை!

மலை மிதக்கக் கண்டதுண்டா, தோழர்களே? 1928-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், இங்கிலாந்தின் வடபுலத்தே, டைன் ஆற்றுத் துறைமுகத்தில் மிதந்தது! நாம் நேரில் கண்டோமில்லை, நிழற்படத்தில் கண்டோம். கண்டதும் வியந்தோம், வியந்த பின் யோசித்தோம்.

855 அடி நீளம். 50,000 டன் எடையைத் தூக்கி நிறுத்தும் ஆற்றல். வால்சென்ட் நகரில் ஸ்வான் ஹண்டர் கப்பல்தளத் தொழிலாளர் செய்த மிதக்கும் துறை அது. இரும்புப் பெட்டிக்குள் தண்ணீரை விட்டால் அது தாழும். பழுதுபட்ட போர்க்கப்பல் உள்ளே நுழையும். பம்பு வைத்துத் தண்ணீரை இறைத்தால், கப்பலை முதுகில் சுமந்தபடி எழும். அடிப்பாகம் காய்ந்து நிற்க, ஆட்கள் இறங்கி வேலை பார்க்கலாம்.

இவ்வளவு வலிமை இருந்தென்ன? தானாக ஓரடி நகர வழியில்லை! வந்தன இழுவைக் கப்பல்கள். திருவாரூர்த் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் பிடிப்போர் முன்னே, முட்டுக்கட்டை போடுவோர் சக்கரத்தடியிலே. ஆற்றிலும் அதே வேலைதான். முன்னே இழுப்பது ஒன்று. பக்கம் சாயாமல் முட்டுவது ஒன்று. பின்னே இழுத்துப் பிடிப்பது இன்னொன்று. தேரினும் மிகப் பெரிது துறை. துறையின் முன்னே மிகச் சிறிது படகு!

போகுமிடம் சிங்கப்பூர்க் கடற்படைத் தளம். சூயஸ் வழியே எட்டாயிரம் மைலுக்கு மேல். கடலை ஆள்கிறோம் என்று மார்தட்டிய சாம்ராஜ்யம், அதை இழுக்க வாடகைக்குப் பிடித்தது யாரை? டச்சுக்காரரை! சிரிப்பு வருகிறதல்லவா? சிரித்துவிட்டு ஆற்றின் தென்கரையைப் பாருங்கள்.

அங்கே ஜாரோ என்றோர் ஊர். அந்த ஊர்முகப்பைக் கடந்துதான் துறை கடலுக்குப் போயிற்று. பால்மர் கப்பல்தளம் அவ்வூரின் அடுப்பு. 1934-இல் கப்பல்தள முதலாளிகளின் கூட்டமைப்பு அதை விலைக்கு வாங்கியது. நடத்தவா? இல்லை, மூட! நாற்பது ஆண்டுகளுக்கு அங்கே கப்பலே கட்டக்கூடாது என்று நிபந்தனை வேறு. போட்டி குறைந்தது முதலாளிக்கு. புகைபோக்கி அணைந்தது தொழிலாளிக்கு.

1936 அக்டோபரில் 200 பேர் லண்டனுக்கு நடந்தார்கள். ஏறத்தாழ 300 மைல், கால்நடையாக! அவ்வூரின் பாராளுமன்ற உறுப்பினர் எல்லன் வில்கின்சன் அம்மையாரும் உடன் நடந்தார். கேட்டது பிச்சையல்ல, வேலை. பிரதமர் பால்ட்வின் சந்திக்க மறுத்தார். திரும்பியவர்களுக்குக் காத்திருந்த பரிசு என்ன தெரியுமா? நடந்த நாட்களில் வேலைக்குத் தயாராக இல்லையாம், உதவித்தொகையில் பிடித்தம்!

துறையின் கதி? 1942-இல் ஜப்பானியர் நெருங்கியபோது வெள்ளையரே அதை மூழ்கடித்தனர்.

நமக்கென்ன இந்த அயல்நாட்டுக் கதை என்பீர்கள். 2017 ஜூனில், சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில், இந்தியக் கடற்படைக்கென 185 மீட்டர் நீளத்தில் ஒரு மிதக்கும் துறை நீரில் இறக்கப்பட்டது. 8,000 டன் கப்பலைத் தாங்கும். கைதட்டினோம், தட்டத்தான் வேண்டும். அதன் தகடுகளைப் பற்றவைத்த வெல்டர்களில் நிரந்தர வேலைக்காரர் எத்தனை பேர், ஒப்பந்தக் கூலிகள் எத்தனை பேர்? துறை போன பிறகு அவர்கள் எந்தத் தளத்திற்குப் போனார்கள்? அந்தக் கணக்கைக் கேட்கிறோம்.