பாட்டியாரும் பேர்த்தியும் ஓர் ஒட்டேடும்

பேரன் என்னுஞ் சொல் பெயரன் என்பதன் மரூஉ. பேர்த்தி என்பதும் அவ்வாறே. பாட்டனார் பெயரைப் பேரப்பிள்ளைக்கு இடுதல் தமிழர் நெடுங்காலமாகக் கொண்டொழுகும் வழக்கமாதலின், உறவின் பெயரே அவ்வழக்கினின்று பிறந்தது. ஆயினும் பெயரொன்றே வந்து, அப்பெயருடையார் எங்குப் பிறந்தார், எத்தொழில் செய்தார், எதற்கு அஞ்சினார் என்பன உடன் வாராவாயின், பேரன் சுமப்பது வெறும் ஓசையன்றோ? கடையெழு வள்ளல்களின் கொடையைத் தடையின்றி ஒப்பிக்கும் மாணாக்கர் நம்முட் பலர். தம் பாட்டியார் பிறந்த ஊர் யாதென வினவின் வாய்வாளாதிருப்பாரும் அவர்களுள் உளர்.

மேனாட்டில் ‘ஸ்கிராப் புக்’ என்றொரு வழக்கம் உண்டு. கடிதம், பயணச்சீட்டு, நிழற்படம், உலர்ந்த இலை முதலியவற்றை வெற்றேட்டில் ஒட்டி அருகே குறிப்பெழுதி வைத்தல் அது. ஈண்டு அதனை ஒட்டேடு என்பேன். மார்க் டுவெயின் என்னும் அமெரிக்க ஆசிரியர் இதில் மிக்க விருப்பமுடையராய், பசை முன்னரே தடவிய ஏடொன்றை அமைத்து 1873-ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். ஒட்டுந் தொல்லையை அவர் குறைத்தார். குறிப்பெழுதுந் தொல்லையை அவராலுங் குறைக்க இயலவில்லை. நம் கிறிஸ்தவ இல்லங்களில் குடும்ப வேதப்புத்தகத்தின் வெற்றுத்தாளிற் பிறப்பும் ஞானஸ்நானமும் திருமணமும் இறப்பும் குறித்து வைப்பதும் இவ்வழக்கிற்குத் தூரத்து உறவே.

இந்நாளிற் கடைகளில் ஒட்டேடுகள் விற்கப்படுகின்றன. பொன்வண்ணப் பூக்களும் நாடாக்களும் அவற்றோடு வருகின்றன. அவை கண்ணுக்கினியன, எழுதுதற்கு இடந்தான் சிறிது. கைப்பேசியில் ஆயிரக்கணக்கான படங்கள் உள்ளனவே, ஏடு எற்றுக்கு என்பாரும் உளர். அப்படங்களுள் எதனடியிலேனும் அதிலுள்ளார் பெயர் எழுதப்பட்டுளதோ என்று அவர்களைக் கேட்க விரும்புகின்றேன். முதியவர் அருகிருந்து சொல்ல இளையவர் எழுத, இருவருங் கூடிச் செய்தாலன்றி ஒட்டேடு பயன்படாது என்பது என் துணிபு. முதியவர் மறைந்தபின் நினைவு மலர் அச்சிடுங் குடும்பங்கள் பல. படத்தில் வலப்புறம் நிற்பவர் யார் என்று அப்போது யாரைக் கேட்பது?

இத்துணிபு எனக்கு நூலிலிருந்து வந்ததன்று. என் அப்பாயி இலங்கையில் அட்டனுக்கு அணித்தாயதோர் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நாடற்றவராய் நின்ற 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சியவர் நிலையைப் பின்னர் ஆராய்வதென்றும் முடிவாயிற்று. எண்கள் இவை. இவ்வெண்களின் நடுவே என் அப்பாயி இந்தியப் பங்கிலும், அவர்தம் தங்கை, மணந்தவர் வழியாக, இலங்கைப் பங்கிலும் விழுந்தனர். அப்பாயி 1974-இல் தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, பின் நீலகிரியில் தாயகம் திரும்பியோர்க்கென அரசு 1968-இல் தொடங்கிய தேயிலைத் தோட்டத்திற் கொழுந்து பறிக்கச் சென்றார். சென்ற ஆண்டு மருத்துவர் அவர்க்கு மறதிநோய் தொடங்கியுள்ளதெனக் கூறினார். அவ்விடுமுறையிலேயே அவருடைய தகரப்பெட்டியைத் திறந்து இருவரும் ஒட்டேடு தொடங்கினோம்.

“இந்தத் துண்டையெல்லாம் ஒட்டுவோம், அப்பாயி” என்றேன். அவர் சிரித்தார். “துண்டுன்னா கடன், தாயி. அதையா ஒட்டுவாங்க?” என்றார். முற்காலத்தில் ஒரு தோட்டம் விட்டு மற்றொன்று செல்லுந் தொழிலாளர்க்குக் கங்காணிவழித் தரப்பட்ட சீட்டுக்குத் துண்டு என்று பெயர். அவருடைய கடன் இவ்வளவு, இதனைத் தீர்ப்பவரிடம் இவர் செல்லலாம் என்பது அதன் பொருள். அம்முறை 1921-இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அப்பாயி அதனைக் கண்டவரல்லர். தம் பாட்டனார் சொல்லக் கேட்டவர். அவரிடமிருந்து யான் கேட்டேன். ஐந்து தலைமுறையை ஒரு சொல் இருவர் வாய்வழியே கடந்துவிட்டது. ஒட்டுதற்குத் துண்டு எதுவும் இல்லை. ஆயினும் எங்கள் ஏட்டின் முதற்பக்கம் அதுவே.

அடுத்த பக்கத்தில் ஒரு படம். ஒரே துணியிற் பாவாடை தைத்துடுத்த சிறுமியர் இருவர். இவருள் அப்பாயி யார், தங்கை யார் என்பதை என் தந்தையாரும் அறியார். இடப்புறம் நிற்பவர் தாமென்றும், செருப்பு ஒரு சோடியே இருந்தமையால் தங்கைக்கு அதனைக் கொடுத்துத் தாம் வெறுங்காலுடன் நின்றதாகவும் அப்பாயி கூறினார். உற்று நோக்கினால் உண்மையே.

தங்கையார் எழுதிய வான்வழிக் கடிதங்கள் நான்கு இருந்தன. மூன்றை ஒட்டக் கொடுத்தார். நான்காவதை மெல்லப் படித்து, மடித்து, இடுப்பிற் செருகிக்கொண்டார். “இது வேணாம் ஆத்தா” என்றார். அதற்குரிய பக்கத்தை வெறுமையாக விட்டுள்ளேன். குடும்ப வரலாறு முழுமையாதல் வேண்டுமென்றும், அவர் உறங்கும்போது அக்கடிதத்தைப் படம் எடுத்துக்கொள்ளலாமென்றும் உறவினர் ஒருவர் எனக்கு அறிவுரை கூறினார். இதனை யான் ஒருபோதும் ஒப்பேன். ஏடு இருவருடையது, இருவருள் மூத்தவர் வேண்டாமென்றது வேண்டாததே. பேரப்பிள்ளைகள் துப்பறிவாராகப் புகுவரேல் முதியோர் பெட்டியைப் பூட்டிவிடுவர். பூட்டுவதே நேரிது என்றும் சொல்வேன்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்க்குச் சில செய்திகள். பொருள்களைச் சேர்த்துவிட்டுப் பின்னர்க் கேட்கலாமென எண்ணற்க. ஒன்றை எடுத்தவுடன் கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுக. ‘கொழுந்து’, ‘லயம்’ என்று அவர் சொல்வதைத் ‘தளிர்’, ‘குடியிருப்பு’ என மாற்றுதல் தமிழ்ப்பற்றன்று. படத்தின் பின்புறம் பெயரெழுத மெல்லிய பென்சிலே நன்று. பந்துமுனைப் பேனா மறுபுறம் அழுந்தித் தடம் காட்டும். செலோடேப்பு ஒட்டற்க. அது சில ஆண்டுகளிற் பழுப்புக்கறை விட்டுக் கழன்றுவிடும். படத்தின் நான்கு மூலைகளையுங் காகித மூலைகளிற் செருகிவைத்தால் வேண்டும்போது எடுக்கலாம். செய்தித்தாள் மரக்கூழில் ஆயதாதலின் விரைவில் மஞ்சளித்து நொறுங்கும். அதனை ஒட்டுவதோடு படியெடுத்தும் வைக்க. கடைகளில் எந்திரம் தரும் வழவழப்பான பற்றுச்சீட்டில் எழுத்து நில்லாது.

மண்டபத்தில் அப்பாயி பெற்ற சீட்டொன்று மடிப்பிற் கிழிந்துள்ளது. அதிலுள்ள எண்களுள் இரண்டு அவர்க்கு நினைவிருக்கின்றன. வருகின்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் முதலில் எழுதவேண்டியவை அவையே.