அப்பாவின் பழைய கோப்பு எங்கே?

பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு நேயர் அழைத்தார்.

"அண்ணா, இதை ஒலிபரப்ப வேண்டாம். அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். முன்பே கதிர்வீச்சு கொடுத்தார்கள். இப்போது அதே பக்கம் மறுபடியும் கட்டி. இன்னொரு முறை கதிர்வீச்சாம். தாங்குவாரா?"

நான் டாக்டர் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை, தேடிப் படித்தேன்.

வழக்கமான கதிர்வீச்சு பல வாரம் நீளும். 'எஸ்.பி.ஆர்.டி.' முறையில் பல திசைகளிலிருந்து வரும் கதிர்கள் கட்டியில் மட்டும் குவியும். பெரும்பாலும் 3 முதல் 5 தடவையில் முடிந்துவிடும். ஆரம்பக் கட்டத்தில் 10 பேரில் ஏறக்குறைய 9 பேருக்குக் கட்டி அதே இடத்தில் மீண்டும் வளர்வதில்லை.

வளர்ந்துவிட்டால்? கவனமாகத் தேர்ந்தெடுக்கப்படும் நோயாளிகளுக்கு இரண்டாம் முறையும் பலன் தருகிறது. ஆனால் முதலில் வாங்கிய கதிரின் அளவை உடம்பு மறப்பதில்லை. நுரையீரல் அழற்சி வரலாம். கட்டி ஓரத்தில் இருந்தால் நெஞ்சுவலி, விலா எலும்பு முறிவு. பெரிய மூச்சுக்குழாய், ரத்தக்குழாய் அருகே என்றால் உயிருக்கே ஆபத்தான ரத்தக்கசிவுகூட ஏற்படலாம்.

ஆகவே டாக்டரிடம் மூன்று கேள்விகள்: கட்டி எங்கே? முதல் சிகிச்சை முடிந்து எவ்வளவு காலம்? அப்பாவின் மூச்சுத் திறன் எப்படி?

கூடவே, முதல் சிகிச்சையின் திட்டக் கோப்பு. எந்த இடத்தில் எவ்வளவு கதிர் பாய்ந்தது என்பது அதில்தான் இருக்கிறது. வேறு மருத்துவமனை என்றால் கேட்டு வாங்குங்கள்.

நேயரை அழைத்து இதைத்தான் சொன்னேன். "இன்றைக்கே கேட்கிறேன், அண்ணா" என்றார்.